மாத்திரை வேலை செய்கிறதா? ரத்தம் எப்போது, எப்படிச் சொல்லும்

கேட்டவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறார். அம்மாவுக்கு 61 வயது. 14 வருடமாகச் சர்க்கரை, எட்டு வருடமாகத் தைராய்டு, அப்புறம் கொழுப்பு. டாக்டர் எழுதியவை சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 1 கிராம் இரு வேளை, கிளிமிபிரைடு, கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின் 10 மி.கி., தைராய்டுக்குத் தைராக்சின் 75 மைக்ரோகிராம். ஹீமோகுளோபின் 9.4 என்று வந்ததால் நான்கு மாதமாக இரும்பு மாத்திரையும் உண்டு. அதே நான்கு மாதத்தில் வீட்டார் சேர்த்துவிட்டவை: தினம் ஒரு மீன் எண்ணெய் கேப்சூல், முடி கொட்டுகிறதென்று 10 மி.கி. பயோட்டின், மிளகுச் சத்து கலந்த மஞ்சள் கேப்சூல், காலையில் ஆவாரம்பூ கஷாயம்.

முன்பும் பின்பும் எடுத்த ரிப்போர்ட்டுகளை அனுப்பியிருக்கிறார். ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு 212லிருந்து 168. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.1லிருந்து 7.8. தைராய்டை முடுக்கிவிடும் ஹார்மோனான டிஎஸ்எச் 3.4லிருந்து 0.2. ஹீமோகுளோபின் இப்போது 11.6. எல்லாம் மீன் எண்ணெயால்தான் என்கிறார் மாமா. ஆவாரம்பூதான் என்கிறார் பெரியம்மா. டாக்டரோ தைராக்சினைக் குறைக்கலாமா என்று யோசிக்கிறார். "இதில் எது வேலை செய்கிறது, எது சும்மா, எப்படிக் கண்டுபிடிப்பது?" இதுதான் கேள்வி.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வரட்டும். இந்த ரிப்போர்ட்டுகளை வைத்து மாமாவும் ஜெயிக்கவில்லை, பெரியம்மாவும் ஜெயிக்கவில்லை. ட்ரைகிளிசரைடில் வந்திருக்கும் வித்தியாசம் ஒரு மருந்தும் சாப்பிடாமலே வரக்கூடியது. எச்பிஏ1சி இறங்கியதில் எனக்கு ஆவாரம்பூவைவிட இரும்பு மாத்திரை மேல்தான் சந்தேகம். டிஎஸ்எச் 0.2க்கும் அம்மாவின் தைராய்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். கட்டாயம் பார்த்திருக்க வேண்டிய பி12 வைட்டமினை யாரும் பார்க்கவில்லை.

புதுச்சேரியில் இருபது வருடத்துக்கு மேல் உயிர்வேதியியல் லேபில் இருக்கிறேன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை, அதை வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அந்த எண் ஆடும். மிஷின் சரியாக இருந்தாலும் ஆடும், ஏனென்றால் உடம்பே ஆடுகிறது. ஒரு முறை பார்ப்போமே என்று என் ரத்தத்தையே ஒரே வாரத்தில் இரண்டு தடவை ஓட்டினேன். திங்கள் காலை ட்ரைகிளிசரைடு 131. வியாழன் காலை 178. நடுவில் ஒரு மாத்திரையும் கிடையாது. புதன் ராத்திரி வில்லியனூரில் ஒரு வளைகாப்புச் சாப்பாடு, அவ்வளவுதான். பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறாக இருந்துதான் இரண்டையும் எடுத்தேன். இதைத் தலைகீழாக யோசித்துப் பாருங்கள். வியாழன் ரிப்போர்ட் முதலில் வந்து, அதைப் பார்த்துப் பயந்து ஏதோ ஒரு கேப்சூல் வாங்கி, அடுத்த ரிப்போர்ட்டில் 131 வந்திருந்தால், அந்த கேப்சூலுக்கு நானே விளம்பரம் செய்துகொண்டிருப்பேன்.

இந்த ஆட்டம் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி. சோடியத்தை உடம்பு இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும், ஒரு சதவீதம்கூட அசையாது. மொத்த கொலஸ்ட்ரால் ஏறக்குறைய 6 சதவீதம் ஆடும், கெட்ட கொழுப்பான எல்டிஎல் 8. டிஎஸ்எச் 18, 20 வரை போகும். ட்ரைகிளிசரைடும் 20 சதவீதம். இதோடு மிஷினின் சொந்த ஆட்டம் ஒன்று இரண்டிலிருந்து ஐந்து சதவீதம் வரை சேரும். இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 2.77ஆல் பெருக்க வேண்டும். வருகிற சதவீதத்துக்கு மேல் எண் மாறியிருந்தால்தான் உண்மையிலேயே ஏதோ மாறியிருக்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். 2.77 எங்கிருந்து வந்தது? பழைய ரிப்போர்ட், புது ரிப்போர்ட் இரண்டிலும் ஆட்டம் இருப்பதால் இரண்டின் வர்க்கமூலம், 1.414. நூற்றுக்கு 95 உறுதி வேண்டுமென்பதால் 1.96. இரண்டையும் பெருக்கினால் 2.77.

ட்ரைகிளிசரைடுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் 56 சதவீதம் வருகிறது. அம்மாவுக்கு 212லிருந்து 168 என்றால் 21 சதவீதம் இறக்கம். பாதிகூட இல்லை. எல்டிஎல்லுக்கு 25 சதவீதம் வரும். அடோர்வாஸ்டாடின் 10 மி.கி. சாதாரணமாக எல்டிஎல்லை 35 சதவீதத்துக்கு மேல் இறக்கும். அதனால் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு அந்த மாத்திரையின் வேலை ஒரே டெஸ்ட்டில் பளிச்சென்று தெரிந்துவிடும். மீன் எண்ணெயின் வேலை அப்படித் தெரியாது. அது வேலையே செய்யாது என்று சொல்லவில்லை, இந்த அளவுகோலுக்குள் அது அகப்படாது. வழி இல்லாமலும் இல்லை. தொடங்கும் முன் இரண்டு டெஸ்ட், தொடங்கிய பின் இரண்டு டெஸ்ட் எடுத்துச் சராசரி பார்த்தால் அந்த 56 ஏறக்குறைய 40 ஆகிவிடும். செலவுதான் கூடும்.

மீன் எண்ணெயிலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது. டப்பாவின் முன்பக்கம் பெரிதாக 1000 மி.கி. என்று போட்டிருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில், ஒமேகா-3 கொழுப்புகளான இபிஏ 180, டிஹெச்ஏ 120 என்று இருக்கும். வேலை செய்கிற சரக்கு 300 மி.கி.தான், மீதி வெறும் எண்ணெய். ட்ரைகிளிசரைடை 20, 30 சதவீதம் இறக்கிக் காட்டிய சோதனைகளில் கொடுத்தது நாளுக்கு 2 முதல் 4 கிராம் இபிஏ, டிஹெச்ஏ. அதற்கு இந்த கேப்சூல் ஏழு முதல் பதின்மூன்று வேண்டும். தினம் ஒன்று போட்டுவிட்டு 44 புள்ளி இறங்கியது அதனால்தான் என்று மாமா சொன்னால், கணக்கு உதைக்கிறது. கடலூர் துறைமுகத்தில் மத்தி வாங்கிக் குழம்பு வைப்பது இதைவிட உத்தமம் என்பது என் சொந்தக் கருத்து. என் வீட்டில் மத்தி வாசனைக்கு எதிர்ப்பு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ரத்தம் எடுத்த பிறகு நடப்பது வேறு கதை. முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்துக்குக் கிராமத்து கலெக்‌ஷன் சென்டர்களிலிருந்து டூவீலரில் சாம்பிள் வரும். ஒரு மே மாதம், ஒரு பெரியவரின் வெறும் வயிற்றுச் சர்க்கரை 88 என்று வந்தது. அதற்கு முந்தைய மாதம் 130. "மாத்திர நல்லா புடிச்சிடுச்சு சார்" என்று அவர் மகனுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு ஏதோ உறுத்தியது. ரேக்கைப் பார்த்தால் சாம்பிள் சிவப்பு மூடிக் குழாயில் இருந்தது, காலை ஆறரைக்கு எடுத்தது, மிஷினில் ஏறும்போது பத்தரை. குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கும், சர்க்கரையைத் தின்றுகொண்டேதான் இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் போகும், வெயிலில் இன்னும் வேகம். அந்தப் பெரியவருக்கு மறுநாள் லேபிலேயே எடுத்தோம். 127. மகன் என்னை ஒரு பார்வை பார்த்தார், நான்தான் கெடுத்துவிட்டேன் என்பது போல.

சர்க்கரைக்குச் சாம்பல் மூடிக் குழாய் என்று இருப்பது இதற்குத்தான். உள்ளே ஃப்ளூரைடு இருக்கும். அதுவும் போட்டவுடனே அணுக்களின் வாயைக் கட்டிவிடாது, முழுதாகப் பிடிக்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதனால் குழாய் நிறம் சரியாக இருந்தாலும் சாம்பிள் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். பொட்டாசியம் இதற்கு நேர் எதிர்: அணு உடைந்தால், கையை இறுக்கி மூடி மூடித் திறந்தால், பொய்யாக ஏறும். பிபிக்கு டெல்மிசார்டன் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நிஜமாகவே பொட்டாசியம் ஏறலாம் என்பதால் இந்தப் பொய் ஏற்றம் பெரிய குழப்பத்தில் கொண்டுபோய் விடும்.

லேபுக்கு லேப் எண் மாறுவது ஏன் என்று கேட்பார்கள். நல்ல லேப் தினமும் காலையில் அளவு தெரிந்த மாதிரியை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் ரத்தத்தைத் தொடும். அது போக வேலூர் சிஎம்சி நடத்தும் வெளித்தரச் சோதனையில் சேர்ந்திருந்தால், அளவு தெரியாத மாதிரி ஒன்று வரும், நாங்கள் அளந்து அனுப்ப வேண்டும், நாடு முழுக்க இருக்கும் லேபுகளோடு ஒப்பிட்டு எங்கள் யோக்கியதை தெரிந்துவிடும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் மாதிரி ஒரு பதற்றம் அந்த நாளில் இன்றும் இருக்கிறது. இருந்தாலும் மிஷினும் அதில் ஊற்றுகிற ரசாயனமும் வேறு வேறாக இருந்தால் எண் கொஞ்சம் விலகத்தான் செய்யும். மருந்தின் வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தடவை, பாண்டியில் ஒரு தடவை என்று எடுக்காமல் ஒரே லேபில் எடுங்கள்.

சரி, இப்போது டிஎஸ்எச். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இதுதான். 3.4லிருந்து 0.2 என்றால் 94 சதவீத இறக்கம். ஆட்டக் கணக்கெல்லாம் தாண்டிவிட்டது. தைராக்சின் கூடினால் டிஎஸ்எச் இறங்கும், குறைந்தால் ஏறும். அப்படியானால் தைராக்சின் அதிகமாகிவிட்டதா? டோஸ் மாறவில்லை. உடம்பு இளைத்ததாகவோ, படபடப்பு, கை நடுக்கம் என்றோ எழுதவில்லை. இன்னொரு துப்பும் இருக்கிறது. புதிதாக இரும்பு மாத்திரை சாப்பிடுகிறார். இரும்பும் தைராக்சினும் குடலில் ஒட்டிக்கொள்ளும், நான்கு மணி நேர இடைவெளி விடாவிட்டால் தைராக்சின் உள்ளே போகாது. அப்படி ஆகியிருந்தால் டிஎஸ்எச் ஏறியிருக்க வேண்டும். இங்கே இறங்கியிருக்கிறது. ஆகவே நான் பார்ப்பது முடிக்கு வாங்கிய பயோட்டினை.

பயோட்டின் ஒரு சாதாரண பி வைட்டமின். ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 30 மைக்ரோகிராம். 10 மி.கி. மாத்திரை என்றால் அதைப் போல 300 மடங்குக்கு மேல். உடம்புக்கு இதனால் பெரிய கேடு இல்லை. கேடு எங்கள் மிஷினுக்கு. நிறைய ஹார்மோன் டெஸ்ட்டுகளில் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தைக் காந்தத் துகள்மேல் பூசி வைத்திருப்பார்கள். அதற்கும் பயோட்டினுக்கும் உள்ள பிடிப்பு அபாரமானது. டிஎஸ்எச்சைப் பிடிக்கிற ஆன்டிபாடிக்கு பயோட்டின் வால் ஒன்றைக் கட்டி அனுப்பினால், அது டிஎஸ்எச்சையும் இழுத்துக்கொண்டு வந்து துகளில் உட்கார்ந்துவிடும். மீதியைக் கழுவிவிட்டு, உட்கார்ந்திருப்பதை மட்டும் மிஷின் எண்ணும்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது தெரியுமல்லவா? மாத்திரையிலிருந்து வந்த உபரி பயோட்டின் அதைத்தான் செய்கிறது. எல்லா சீட்டிலும் முன்னாலேயே துண்டு. டிஎஸ்எச்சோடு வந்த நிஜப் பயணிக்கு உட்கார இடமில்லை. கழுவும்போது அவர் கீழே இறக்கப்படுகிறார். மிஷின் எண்ணிப் பார்க்கிறது, ஆளே இல்லை. டிஎஸ்எச் 0.2. தைராய்டு ஹார்மோனையே அளக்கும் ஃப்ரீ டி4 டெஸ்ட்டில் கணக்கு தலைகீழ், சிக்னல் குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று அர்த்தம். அதனால் அது பொய்யாக ஏறும். டிஎஸ்எச் தாழ்வு, டி4 உயர்வு. பார்க்கிறவருக்கு அசல் தைராய்டு மிகைப்பு மாதிரியே இருக்கும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2017இல் வந்த ஓர் ஆய்வில் ஆரோக்கியமான ஆறு பேருக்கு ஒரு வாரம் தினம் 10 மி.கி. பயோட்டின் கொடுத்துப் பார்த்தபோது பல டெஸ்ட்டுகள் இப்படியே பிசகின. அதே வருடம் நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் டெஸ்ட் பயோட்டினால் பொய்யாகத் தாழ்ந்து, ஒருவர் இறந்ததை அதில் குறிப்பிட்டிருந்தார்கள். எல்லா மிஷினும் இப்படி இல்லை. சில கம்பெனிகள் இந்த முறையையே பயன்படுத்துவதில்லை, வேறு சில பின்னர் கிட்டை மாற்றிவிட்டன. அம்மாவின் ரத்தம் ஓடியது எந்த மிஷினில் என்று லேபில் கேட்டால் சொல்வார்கள். அதைவிடச் சுலபமான வழி உண்டு. பயோட்டினை நிறுத்தி மூன்று நாள் கழித்து அதே லேபில் திரும்ப எடுப்பது. டிஎஸ்எச் பழையபடி மூன்றுக்குப் பக்கத்தில் வந்தால் தைராக்சினைக் குறைக்க வேண்டியதே இல்லை. மறுபடியும் 0.2 என்றால் டாக்டர் யோசித்தது சரி. இதை அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். தலைமுடிக்கு என்ன சாப்பிடுகிறோம் என்பதைச் சர்க்கரை டாக்டரிடம் யாரும் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. எங்கள் கவுன்ட்டரிலும் அப்படித்தான். "வேற மாத்திர எதுனா சாப்புடுறீங்களாக்கா?" என்றால் "இல்லப்பா" என்பார்கள். "முடிக்கு, தோலுக்கு?" என்றால்தான் "அது வைட்டமின்தானே" என்று பதில் வரும்.

எச்பிஏ1சி இறங்கியது பற்றி. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அந்த நாளெல்லாம் சர்க்கரைக்குள் ஊறி, அதன் ஹீமோகுளோபினில் ஒட்டியது எவ்வளவு என்பதுதான் எச்பிஏ1சி. கடைசி ஒரு மாதத்தின் பங்கு அதில் பாதி வரும். இரும்புச் சத்து குறைந்தவர்களுக்கு ரத்தச் சர்க்கரை மாறாமலே எச்பிஏ1சி கொஞ்சம் உயர்ந்து நிற்கும். இரும்பு மாத்திரை கொடுத்ததும் புது அணுக்கள் திமுதிமுவென்று வரும். அவை ஊற நேரம் கிடைக்காத புத்தம்புது அணுக்கள். எச்பிஏ1சி இறங்கும். அம்மாவின் ஹீமோகுளோபின் 9.4லிருந்து 11.6 ஆகியிருக்கிறது அல்லவா, இரும்பு நன்றாகவே வேலை செய்திருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் சந்தேகமில்லாமல் ஒரு மாத்திரையின் வேலை தெரிவது இந்த ஒரே இடத்தில்தான், அதைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை.

மேலும் 8.1லிருந்து 7.8 என்பது 0.3தான். நல்ல மிஷினில்கூட அரைப் புள்ளிக்குக் குறைந்த மாற்றத்தை நான் நம்பமாட்டேன். வீட்டில் குளுக்கோமீட்டர் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். காலைச் சர்க்கரையின் சராசரி இந்த நான்கு மாதத்தில் இறங்கியிருந்தால் சர்க்கரை நிஜமாக இறங்கியிருக்கிறது. இறங்காமல் எச்பிஏ1சி மட்டும் இறங்கியிருந்தால் அது இரும்பின் கைவேலை. ஆனால் மீட்டரில் ஒரே ஒரு எண்ணைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சர்க்கரை 100க்கு மேல் இருக்கும்போது கூட்டியோ குறைத்தோ 15 சதவீதம் வரை தவறலாம் என்பது உலகத் தரமே ஒப்புக்கொண்ட அளவு. நிஜம் 200 என்றால் மீட்டர் 170உம் காட்டலாம், 230உம் காட்டலாம். இருபது எண்ணின் சராசரிக்குத்தான் மரியாதை.

டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்னால் பத்தியம் இருக்கிற பழக்கமும் நம் ஊரில் உண்டு. சோறு பாதி, இனிப்பு கிடையாது, மறந்துபோன மாத்திரைகள் எல்லாம் வேளை தவறாமல். வெறும் வயிற்றுச் சர்க்கரை 110 என்று அழகாக வரும், பக்கத்திலேயே எச்பிஏ1சி 9.2 என்று காட்டிக்கொடுக்கும். அப்படி வந்த ஒரு ரிட்டயர்டு ஆசிரியர் என்னிடம், "உங்க மிஷினுக்கு ரெண்டு நாக்கு சார்" என்றார்.

எப்போது அளக்க வேண்டும் என்பதிலும் அவசரம் ஆகாது. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு நிதானம் உண்டு. தைராக்சினின் அரை ஆயுள் ஏழு நாள், அது ரத்தத்தில் ஒரு மட்டத்துக்கு வரவே ஐந்து வாரம் பிடிக்கும், அதனால்தான் டோஸ் மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் பார்ப்பது. அடோர்வாஸ்டாடின் மாதிரி ஸ்டாடினுக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் போதும். 60,000 யூனிட் வைட்டமின் டி வாராவாரம் போடுகிறவர்கள் மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம். அதை நிறுத்த மறந்து வருடக்கணக்கில் போட்டுக் கால்சியம் ஏறி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றிலும் நிதானம் மெட்ஃபார்மினுடையது, அது நல்லதாக இல்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உள்ளே போவதை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தடுக்கும். கல்லீரலில் சில வருடத்துக்கு இருப்பு இருப்பதால் உடனே தெரியாது. அம்மா நாளுக்கு 2 கிராம் சாப்பிடுகிறார். கால் எரிச்சல், மதமதப்பு உண்டா என்று கேளுங்கள். இருந்தால் எல்லாரும் "சுகர் நரம்பு" என்றுதான் சொல்வார்கள், அது பி12 குறைவாலும் வரும். நரம்புக்கென்று பி12இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமின் கலந்த மாத்திரை வாங்குவதற்கு முன்பே பி12 பார்த்துவிட வேண்டும். சாப்பிட ஆரம்பித்துவிட்டால் ரத்தத்தில் எண் ஏறிவிடும், முன்னால் குறைவாக இருந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

மஞ்சள் கேப்சூலைச் சும்மா விட முடியவில்லை. குழம்பில் போடும் மஞ்சளில் இருக்கும் குர்குமின் பெரும்பாலும் ரத்தத்துக்குள் போவதே இல்லை. 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் மிளகின் பைபரைன் 20 மி.கி. சேர்த்தால் அது இருபது மடங்கு கூடுகிறது என்று காட்டினார்கள். இன்று கடையில் விற்கிற கேப்சூல்கள் அதை அடியொற்றியவை. பைபரைன் இதைச் செய்வது கல்லீரலும் குடலும் வேண்டாததை வெளியேற்றுகிற வேலையை மெதுவாக்கித்தான். அந்தத் தடை மஞ்சளோடு நிற்காது, மற்ற மாத்திரைகளையும் தொடலாம். இப்படிச் செறிவாக்கிய மஞ்சளால் கல்லீரல் வீங்கிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. நாளைக்கு அம்மாவின் எஸ்ஜிபிடி, அதாவது கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எண், ஏறினால் பழி அடோர்வாஸ்டாடின் மேல் விழும், அதை நிறுத்திவிடுவார்கள், கேப்சூல் தொடரும். சமையலறை மஞ்சளுக்கு நான் விரோதி இல்லை. கேப்சூலை நிறுத்தலாம், இப்போதே ஒரு எஸ்ஜிபிடி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பெயரில்லாத பொட்டலத்துக்கு மட்டும் நான் கண்டிப்பான விரோதி. பண்ருட்டிப் பக்கத்து முந்திரி விவசாயி ஒருவர், மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த பொடி. வலி பறந்துவிட்டது, சர்க்கரை 340. உடம்பு தானே தயாரிக்கும் ஸ்டீராய்டான கார்டிசாலைக் காலை எட்டு மணிக்குப் பார்த்தால் அதல பாதாளத்தில் கிடந்தது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால் உடம்பு சொந்தத் தயாரிப்பை நிறுத்திவிடும், வேறு எதுவும் அந்த எண்ணை அப்படி ஒரே மூச்சில் விளக்கவில்லை. அந்தப் பொடியையும் திடீரென்று நிறுத்தக் கூடாது, அது தனி ஆபத்து. டாக்டர் பல வாரம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்.

எண் நன்றாக வந்தால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தமா? எப்போதும் இல்லை. டார்செட்ராபிப் என்ற மருந்து நல்ல கொழுப்பை 70 சதவீதத்துக்கு மேல் ஏற்றியது, எல்டிஎல்லையும் இறக்கியது. ரிப்போர்ட்டைப் பார்த்தால் சந்தோஷம்தான். 15,000 பேரிடம் சோதித்தபோது மருந்து எடுத்தவர்கள் பக்கம் சாவு கூடியதால் 2006 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். எச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுவரப் பாடுபட்ட அக்கார்ட் ஆய்விலும் 2008இல் அதுதான் நடந்தது. உங்கள் அம்மாவின் வயதில் 7.8ஐ எவ்வளவு தூரம் இழுப்பது என்பதை, தாழ் சர்க்கரை மயக்கம் வருகிறதா என்பதையும் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும்.

அப்படியானால் ஆவாரம்பூ வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியாதா? முடியும், பெரியம்மாவுக்குப் பொறுமை இருந்தால். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். டாக்டர் எழுதியது எதையும் தொடக் கூடாது. மூன்று வாரம் கஷாயம், மூன்று வாரம் கஷாயம் இல்லை, மறுபடி மூன்று வாரம் கஷாயம், மறுபடி இல்லை. ஒரே மாதிரிச் சாப்பாடு, தினம் ஒரே நேரத்தில் வெறும் வயிற்றில் மீட்டர், நோட்டில் தேதி போட்டு எழுதுவது. கடைசியில் நான்கு சராசரி கிடைக்கும். கஷாயம் குடித்த இரண்டு முறையும் இறங்கி, விட்ட இரண்டு முறையும் ஏறியிருந்தால் பெரியம்மா சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஒரு தடவை மட்டும் இறங்கியதென்றால் இல்லை, ஏனென்றால் நாம் புது மருந்து தொடங்குவதே மோசமான ரிப்போர்ட் வந்த வாரத்தில்தான், மோசமான எண், நாம் எதுவும் செய்யாவிட்டாலும், அடுத்த முறை கொஞ்சம் நகர்ந்து நடுவுக்கு வரும். ஒரே ஆளை வைத்து மாற்றி மாற்றிப் பார்க்கும் இந்த முறையை 1986இல் கார்டன் கயாட் என்ற கனடா மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் முறைப்படி எழுதினார்கள். சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கிவிடக்கூடிய கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர் என்பதால், 70க்குக் கீழே இறங்கினால் சோதனையை அன்றோடு விட்டுவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: பயோட்டினும் மஞ்சள் கேப்சூலும் நிறுத்தி, நான்காம் நாள் காலை பழைய லேபிலேயே டிஎஸ்எச், ஃப்ரீ டி4, பி12, எஸ்ஜிபிடி. தைராக்சின் மாத்திரையை அன்று ரத்தம் கொடுத்த பிறகு போடட்டும், காபி அதற்கு ஒரு மணி நேரம் கழித்து. இரும்பு மாத்திரை மத்தியானத்துக்கு மேல். டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா அட்டை, டப்பா, பொடியையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேஜையில் கொட்டுங்கள். புது டிஎஸ்எச் வந்ததும் எண்ணை எனக்கும் எழுதுங்கள்.